எனக்காக ஒரு வாய்

பிப்ரவரி 2

குண்டுமணிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நடமாட்டமாகத்தான் இருக்கிறேன். உன் உடம்பு எப்படி? காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே? தையல் போட்ட இடம் நோகிறதா?

உன் கடிதத்தைப் படித்ததும் தட்டு கழுவும் தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வயிற்றில் முக்கால் பாகத்தை வெட்டி எறிந்த பிறகா அக்காவுக்குச் சொல்வாய்? முன்னாலேயே சொன்னால் தடுப்பேன் என்று தெரியும் உனக்கு. கள்ளி.

எங்கள் கேன்டீன் மேஸ்திரி ஓடி வந்தார். "என்னம்மா, யாருக்கு என்ன?"

"என் தங்கச்சி வயித்த வெட்டிட்டாளாம்."

"எதுக்கு?"

"குண்டா இருக்காளாம்."

"அந்த டாக்டர் விலாசம் வாங்கிக் குடுங்க" என்று தன் தொப்பையைத் தட்டிக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போனில் பேசு என்கிறாய். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து குளிக்க மட்டும் வீட்டுக்கு வந்தேன். மணி அடித்தது. எடுத்தால், உன் மாமா போய்விட்டார் என்றார்கள். அதிலிருந்து அந்தச் சத்தமே எனக்கு ஆகாது. போனைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டேன். எழுத்துக் கூட்டியாவது எழுதுகிறேன், நீயும் எழுது.

ஒன்று மட்டும் மறைக்காமல் சொல். நன்றாகப் பசிக்கிறதா?

உன் அக்கா


பிப்ரவரி 13

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். தையல் ஆறிவிட்டது. உன் முட்டிவலி எப்படி? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

பசிக்கிறதா என்று கேட்டாய். இல்லை அக்கா. துளிகூட இல்லை. அதுதான் அதிசயம்.

சின்ன வயதிலிருந்து நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்த வேளையை நினைப்பேன். ஊரே "வாயைக் கட்டு" என்று சொன்னது. கட்டாமலா இருந்தேன்? கட்டக் கட்ட உள்ளே அது குரைத்துக்கொண்டே இருக்கும். இப்போது ரொட்டிக் கடை வாசலைத் தாண்டிப் போகிறேன், வாசனை வருகிறது, அவ்வளவுதான். யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. என்னை இல்லை.

நர்ஸ் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "வயித்தோட மேல்பக்கம் ஒரு பை மாதிரி இருக்கும். பசியைக் கிளப்புற ஹார்மோன் அங்கதான் அதிகமா ஊறும். அதைத்தான் எடுத்திருக்கோம். மிச்சம் இருக்கிறது ஒரு குழாய். சாப்பாடு சட்டுனு குடலுக்கு இறங்கிடும். குடல் உடனே வேற ஹார்மோனை அனுப்பி, போதும் நிறுத்துன்னு மூளைக்குச் சொல்லிடும். அந்தக் குரலை மட்டும் மதிங்க."

அரைக் கிண்ணம் கஞ்சி, மெதுவாக, சொட்டுச் சொட்டாக. அதற்கு மேல் ஒரு கரண்டி என்றாலும் நெஞ்சில் கல் வைத்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்த வாரம் வேலைக்குப் போகிறேன். பஸ் நிலையத்தில் எனக்கென்று தச்சர் அகலமாகச் செய்து கொடுத்தாரே, அந்த நாற்காலியைச் சாமான் அறையில் போடச் சொல்லப்போகிறேன்.

இனி என்னைக் குண்டுமணி என்று எழுதாதே.

உன் தங்கை


பிப்ரவரி 22

தங்கச்சிக்கு,

நான் இருக்கிறேன். முட்டிவலிக்கென்ன, கூடவே பிறந்ததுபோல இருக்கிறது. நீ பத்திரமா?

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

உன் மாமா முதலில் சொன்ன வார்த்தை அதுதான். "பசிக்கல." சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு வந்தால் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறவர். ஒருநாள் தட்டில் கொஞ்சம் மிச்சம் வைத்தார். வெயில் என்றோம். அப்புறம் பாதி மிச்சம். அப்புறம் தட்டைத் தள்ளிவிட்டு, "நீ சாப்பிடு, எனக்கு எதுவும் தோணல" என்றார். வலி எல்லாம் பிறகுதான் வந்தது. முதலில் போனது பசி.

நீ அதையே சந்தோஷமாக எழுதுகிறாய். நர்ஸ் ஆயிரம் சொல்லட்டும். எந்தப் பையை எடுத்தாலும் உயிருள்ள உடம்புக்குப் பசிக்கவேண்டும். கேன்டீனில் யாராவது தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனால் அதைக் கழுவ எனக்குக் கை வருவதில்லை. யாருடைய தட்டு என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கழுவுகிறேன்.

அம்மா போனபின் உனக்கு ஊட்டி வளர்த்தது நான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு வேளையும் போதும் என்று தோன்றிய பிறகு இரண்டு வாய் சாப்பிடு. எனக்காக ஒரு வாய். உன் மாமாவுக்காக ஒரு வாய். என் தலைமேல் சத்தியம் பண்ணி எழுது. எழுதினால்தான் தூங்குவேன்.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

நலம். நீயும் நலம்தானே.

உன் தலைமேல் சத்தியம். இரண்டு வாய் கூடச் சாப்பிடுகிறேன். ஒரு வேளையும் தவறவில்லை. நீ தூங்கு.

வேறு என்ன எழுத? வேலைக்குப் போகிறேன். கவுன்ட்டர் கண்ணாடியில் என் முகமே எனக்கு அடையாளம் தெரியவில்லை. தினமும் டிக்கெட் வாங்குகிற பெரியவர், "இங்க இருந்த பொண்ணு மாத்தலாகிப் போயிடுச்சா?" என்று என்னிடமே கேட்டார். "ஆமா, போயிடுச்சு" என்றேன்.

நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கினேன். கட்டில் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். குளியலறைத் தரை சில்லென்று நன்றாக இருக்கிறது. சாப்பிட்டபின் சிலவேளை அங்கேயே கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன்.

நேற்று ஒரு கால் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் தெருவில் பாதி தூரம் நடந்துவிட்டேன். பின்னால் வந்தவர் எடுத்துக் கொடுத்தார். ஒரே சிரிப்பு.

கை சோர்கிறது. மற்றவை பிறகு.

தங்கை


மார்ச் 20

என் தங்கத்துக்கு,

அக்கா சுகம். உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். இப்படியே இன்னும் ஒரு வாய் கூட்டிக்கொள். பழகப் பழக வயிறு விரியும். கல்லா என்ன, விரியாமல் போக? மேஸ்திரியிடம் சொன்னேன். "உங்களுக்குத் தங்கச்சி வயித்து மேல இருக்கிற அக்கறை உங்க வயித்து மேல இல்லையே" என்றார். அவருக்கு எப்போதும் வாய்க்கொழுப்பு.

வாளி எதற்கு? துணி நனைக்கவா? அதைக் கட்டில் பக்கத்தில் ஏன் வைத்திருக்கிறாய்? செருப்பு கழன்றதுகூடவா காலுக்குத் தெரியாது? சின்னதில் இருந்தே நீ கனவு கண்டுகொண்டு நடக்கிறவள். அப்படித்தான் இருக்கும்.

உடனே பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 9

தங்கச்சிக்கு,

இது நான் தொடர்ந்து எழுதுகிற இரண்டாவது கடிதம். முதலாவதற்குப் பதில் இல்லை. நான் நன்றாக இருக்கிறேன். நீ இருக்கிறாயா?

வேலை அதிகம் என்றால் வேலை அதிகம் என்று ஒரு வரி போதும். கோபம் என்றால் திட்டி எழுது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே வாசலில் நிற்கிறேன். அவர் தூரத்திலேயே தலையை ஆட்டிவிடுகிறார்.

பக்கத்து வீட்டில் அந்தப் போன் அடிக்கிறது. சுவர் வழியாகக் கேட்கிறது. எனக்காக இருக்கக்கூடாது என்று காதைப் பொத்திக்கொள்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 17

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் தங்கைக்குப் பக்கத்துக் கவுன்ட்டரில் இருக்கும் பெண் நான். மூணாம் நம்பர் என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் இதைப் படியுங்கள்: உங்கள் தங்கை உயிரோடு இருக்கிறாள், தேறி வருகிறாள். இப்போது மற்றதைப் படியுங்கள்.

கவுன்ட்டரில் இருந்து எழுந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். நானும் டிரைவர் ஒருவரும் தூக்கிக்கொண்டு போனோம். வாரக்கணக்காக வாந்தி எடுத்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. உடம்பில் சத்து வற்றி, பாதம் இரண்டும் மரத்துப்போய், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்திருக்கிறது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் மூளையைத் தொட்டிருக்கும் என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். வைட்டமின் ஊசி போட்டு, சலைன் ஏற்றினார்கள்.

டாக்டர் விடவில்லை. "போதும்னு வயிறு சொல்லுமே, அப்புறமும் ஏன் சாப்பிட்டீங்க?"

"சாப்பிடணும் டாக்டர்."

"யார் சொன்னா?"

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

பிறகு டாக்டர் என்னிடம் சொன்னார்: "குழாய் மாதிரி இருக்கிற வயித்துல இடத்துக்கு மேல திணிச்சா மேலதான் வரும். தினமும் வந்தா நல்லதையும் சேர்த்துக் கொண்டு போயிடும். குடல் போதும்ங்குது, இவங்க கேக்க மாட்டேங்கிறாங்க."

உங்களுக்கு எழுதவேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். எழுதிவிட்டேன். உங்களைக் குறை சொல்ல இல்லை. எனக்கும் அக்கா உண்டு, எங்கள் வீட்டிலும் அன்பு என்றால் அடித்து ஊட்டுகிறதுதான். அந்தச் சத்தியத்தை நீங்களே எடுத்துவிட்டால்தான் இவள் பிழைப்பாள். வேறு யார் சொல்லியும் கேட்கமாட்டாள். பஸ்ஸில் ஏறினால் காலையில் புறப்பட்டு மாலைக்குள் வந்துவிடலாம்.

இப்படிக்கு,
மூணாம் நம்பர்


ஏப்ரல் 25

தங்கச்சிக்கு,

சத்தியத்தை எடுத்துக்கொண்டேன். என் தலைக்கு ஒன்றும் ஆகாது. வயிறு எங்கே போதும் என்கிறதோ அங்கே நிறுத்திக்கொள். பாதி வாயாக இருந்தாலும் கீழே வை.

வரவேண்டும் என்றுதான் இருந்தேன். லீவு கிடைக்கவில்லை.

இனிமேல் சாப்பாட்டைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

கால் மரப்பு குறைந்ததா? அதை மட்டும் எழுது. ஊசியை நிறுத்திவிடாதே. மூணாம் நம்பர் தாயாக இருந்து பார்த்திருக்கிறாள், அவள் கையைப் பிடித்து நான் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஜூலை 6

அன்பு அக்காவுக்கு,

நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். பார்வை சரியாகிவிட்டது. காலில் மட்டும் எறும்பு ஊர்கிறது. உன் உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாயா?

இப்போது கடிகாரம் பார்த்துச் சாப்பிடுகிறேன். பசி சொல்லாது, அதனால் மணி சொல்கிறது. சின்னக் கிண்ணம், சின்னக் கரண்டி. மூணாம் நம்பர் தன் சாப்பாட்டு வேளையில் பாதியை எனக்காக விட்டு, என் ஜன்னலையும் பார்த்துக்கொள்கிறாள். "மென்னு சாப்பிடுடி, பஸ் காத்திருக்கும்" என்கிறாள். எந்த பஸ் காத்திருந்தது?

உன் கடிதங்கள் வானிலை அறிக்கை மாதிரி ஆகிவிட்டன. மழை வந்தது, மழை நின்றது, மேஸ்திரிக்குப் பல்வலி. நீ என்னைத் திட்டினால்கூட நன்றாக இருக்கும்.

ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றை எழுதுகிறேன். நான் மருந்து மயக்கத்தில் இருந்த ஒரு சாயங்காலம், வார்டு வாசலில் ஒரு அம்மா பையோடு நின்றிருந்தாராம். கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாராம். நர்ஸ், "யாரம்மா வேணும்?" என்றதற்கு, "வார்டு மாறி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓடாத குறையாகப் போனாராம். "உங்க மூக்கு மாதிரியே மூக்கு" என்றாள் நர்ஸ்.

யாரோ தெரியவில்லை. உன்னிடம் கேட்கவும் இல்லை. சும்மா எழுதினேன்.

தங்கை


ஜனவரி 19

அக்கா,

நலமா என்று கேட்டு நீ எழுதிய கடிதங்களுக்கெல்லாம் இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை. கால் சரியாகிவிட்டது. நலம் என்று எழுத மட்டும் கை வரவில்லை.

பசி திரும்பி வந்துவிட்டது.

கவுன்ட்டரில் இருந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் ரொட்டி மென்றுகொண்டே சில்லறை தேடினார். என் வயிறு உறுமியது. அவருக்குக்கூடக் கேட்டது போலிருக்கிறது, நிமிர்ந்து பார்த்தார். எனக்கு வேர்த்துவிட்டது. கதவுக்குப் பின்னால் செத்துவிட்டது என்று நினைத்த நாய், எழுந்து வாலை ஆட்டுகிறது.

நர்ஸிடம் போனேன். "எல்லாருக்கும் கொஞ்சம் திரும்பும். எடை குறையக் குறைய உடம்பு பசியைத் தேடும், அது தோல்வி இல்ல. பழைய அளவுக்கு வராது. அளவா சாப்பிடுங்க. பயந்து பட்டினி கிடந்தா நேரா இங்கதான் வருவீங்க" என்றாள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

பட்டினிதான் கிடக்கிறேன் அக்கா. ஒரு வாய் வைத்தால் அது என்னை மறுபடி இழுத்துக்கொண்டு போய்விடும் என்று பயம். சாமான் அறையில் அந்த அகல நாற்காலி இன்னும் இருக்கிறது. யாரும் உடைக்கவில்லை. தினமும் எட்டிப் பார்க்கிறேன். நேற்று டிக்கெட் கிழிக்கும்போது கை நடுங்கியது. மூணாம் நம்பர் பார்த்துவிட்டாள், என் கிண்ணத்தைத் திறந்து முன்னால் வைத்தாள். நான் மூடிவிட்டேன்.

நீ இதைக் கேட்டால் சந்தோஷப்படுவாய். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. சந்தோஷப்படாதே. என்ன செய்ய என்று சொல்.

தங்கை


ஜனவரி 27

குண்டுமணி,

திட்டாதே, எனக்கு அந்தப் பேர்தான் வருகிறது.

சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லமாட்டேன். "பசிக்குதாம், என் தங்கச்சிக்குப் பசிக்குதாம்" என்று தொட்டி முன்னால் நின்று அழுதேன். அப்புறம் மிச்சத்தைப் படித்தேன். பட்டினி என்று படித்ததும் அழுகையை நிறுத்தினேன்.

என்ன செய்ய என்று கேட்கிறாய். போன தடவை நான் சொன்னது உன்னை எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தது என்று பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். அந்த மூக்கு என்னுடையதுதான். வார்டு மாறவில்லை. வெள்ளைத் துணியில் கன்னம் ஒட்டிப்போய், வாய் லேசாகத் திறந்து கிடந்தாய். உன் மாமாவேதான். உள்ளே ஒரு அடி வைத்தால் யாராவது வந்து, அம்மா, முடிந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள் என்று தோன்றியது. ஓடிவந்துவிட்டேன். அடுத்த பஸ்ஸில் உட்கார்ந்து ஊர் வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதுவரை நான் எழுதாதது.

உன் மாமா போனதிலிருந்து எனக்குப் பசிப்பதில்லை. என் வயிற்றை யாரும் வெட்டவில்லை, எதையும் எடுக்கவில்லை. ஆனாலும் இல்லை. கேன்டீன் மணி அடித்தால் நாலு வாய் விழுங்குகிறேன், மண் மாதிரி இருக்கிறது. எனக்காக ஒரு வாய் என்று உன்னைக் கேட்டேனே, வெறும் பாசத்தில் கேட்கவில்லை. என்னால் சாப்பிட முடியாததை நீ சாப்பிடுவாய் என்று கேட்டேன். சேலையை இரண்டு சுற்று கூடச் சுற்றுகிறேன். மேஸ்திரி சீட்டு எழுதிக் கொடுத்து, "போய் டாக்டரைப் பாருங்கம்மா, சிரிச்சது போதும்" என்றார். போகவில்லை. போனால் அவர்கள் உன் மாமாவுக்குச் சொன்னதையே எனக்கும் சொல்வார்கள்.

நீ பசி வந்ததற்குப் பயப்படுகிறாய், நான் வராததற்குப் பயப்படுகிறேன். நம் அம்மா இருந்திருந்தால் இரண்டு பேரையும் துடைப்பத்தால் அடித்திருப்பாள்.

பசி எப்படி இருக்கும் என்று எனக்கு மறந்தே போய்விட்டது. உண்மையாகத்தான் கேட்கிறேன். அது உடம்பில் எங்கே ஆரம்பிக்கும்? எழுது. அதைப் படித்துவிட்டாவது எனக்கு ஏதாவது ஆகிறதா பார்க்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 4

அக்கா,

சுகமா என்று கேட்க மாட்டேன். சுகமில்லை என்று நீயே சொல்லிவிட்டாய். என் கோபம் எல்லாம் பிறகு.

வேலை முடிந்து அறைக்கு வந்து எழுதுகிறேன். இப்போதும் அது வந்திருக்கிறது. ஓடாமல் உட்கார்ந்து, உனக்காகக் கவனித்துப் பார்க்கிறேன்.

முதலில் காதில்தான் ஆரம்பிக்கிறது. கீழ்வீட்டில் கரண்டி சட்டியில் படும் சத்தம் தனியாகக் கேட்கிறது. பிறகு நாக்கின் ஓரம் ஈரமாகிறது. பிறகுதான் வயிறு. தொப்புளுக்கு மேலே யாரோ உள்ளே இருந்து விரலால் தட்டுகிற மாதிரி, தட்டிவிட்டுக் காத்திருக்கிற மாதிரி இருக்கிறது. பழையது இப்படி இருக்காது அக்கா. பழையது கதவை உடைக்கும். இது தட்டுகிறது. இதை எழுதும்போதுதான் எனக்கே வித்தியாசம் தெரிகிறது. பயம் போகவில்லை.

அடுப்பில் ஒரு முட்டை வெந்தது. உரித்து, இரண்டாக அறுத்து, ஒரு பாதியை நுனியில் இருந்து கிள்ளிக் கிள்ளி மென்று தின்றேன். போதும் என்று வந்தது. நிறுத்தினேன். மூணாம் நம்பரிடம் காலையில் சொன்னால் கட்டிப்பிடித்து என் விலா எலும்பை உடைத்துவிடுவாள்.

உனக்கு இருப்பது என்ன என்று நான் சொல்ல முடியாது. துக்கமாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். என் டாக்டரிடம் வியாழக்கிழமை காலைக்கு உன் பேரைக் கொடுத்துவிட்டேன். அவர் என்ன சொன்னாலும் நான் உன் பக்கத்து நாற்காலியில் இருப்பேன். வாசலில் நிற்க விடமாட்டேன்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் ஏறு. நான் ஜன்னலில் இருக்கமாட்டேன், பஸ் வந்து நிற்கிற இடத்தில் நிற்பேன்.

எனக்கு எப்போதும் பாதி முட்டைதான் இறங்கும். மீதிப் பாதி தட்டில் இருக்கிறது. அதைச் சாப்பிட இங்கே ஆள் இல்லை. வா.

உன்
குண்டுமணி